கடவாய்ப் பல்லுக்குப் போட்ட பூட்டு

பல் டாக்டர் தொழிலில் எதிரே இருப்பவர் வாயைத் திறந்த நிமிஷமே அவர் பேச்சு நின்றுவிடும். அதனால் சொல்ல நினைத்ததையெல்லாம் எழுந்து, கொப்பளித்துத் துப்பிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வார். அப்படிச் செருப்பு மாட்டும் நேரத்தில் என் காதில் விழுந்தவைதான் இங்கே பாதிக்கு மேல்.

திருவொற்றியூரில் மெயின் ரோட்டை ஒட்டி, ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் என் கிளினிக். பதினோரு வருஷமாகிறது. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் கீழே பிரேக் போட்டால் மேலே கருவித் தட்டு கிணுகிணுவென்று ஆடும். நாற்காலியில் படுத்திருப்பவர் நான்தான் ஏதோ மிஷினை முடுக்கிவிட்டேன் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். உதவிக்கு ஷாஹிதா அக்கா. ராயபுரத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கருவி கழுவுவதிலிருந்து, அழுகிற குழந்தையின் தலையைப் பிடித்துக்கொள்வது வரை அவர்தான்.

கடவாய்ப் பல்லில் ஒரு ஓட்டையாவது வைத்திருக்கும் அன்பர்களே, நாக்கால் இப்போதே தடவிப் பார்த்திருப்பீர்கள், தெரியும். அந்தப் பல்லின் மேல்பக்கம் சமமாக இருக்காது. சந்தும் பொந்துமாகக் கோடுகள் ஓடும். பிரஷ் முடிகூட நுழையாத அந்தக் கோட்டில்தான் சொத்தை ஆரம்பிக்கிறது. சொத்தை வருவதற்கு முன்னாலேயே அந்தக் கோடுகளில் ஒரு சொட்டுப் பிசின் மாதிரி விட்டு, நீல விளக்கைக் காட்டினால் இறுகிவிடும். சீலன்ட் என்று பெயர். ஊசி இல்லை, குடைகிற மிஷின் இல்லை, வலி இல்லை. இவ்வளவு சாதுவான ஒரு வேலையைச் செய்துகொண்டு நான் பட்ட அதிர்ச்சிகளைத்தான் சொல்லப் போகிறேன்.

விழாத இடத்தில் முளைத்த பல்

கிளினிக் தொடங்கிய முதல் வருஷம். எண்ணூரிலிருந்து ஒரு அம்மா எட்டு வயது மகள் யுவஸ்ரீயைக் கூட்டிக்கொண்டு வந்தார். கீழ் வரிசையில் இடது பக்கம், கடைசிப் பல். அதைப் பல் என்று சொன்னதே மரியாதைக்குத்தான். ஓரமெல்லாம் உடைந்து, நடுவில் கறுப்பாக ஒரு பள்ளம். "பால் பல்லுதான டாக்டர், புடுங்கிப் போட்டுடுங்க. புதுசு வரட்டும்" என்றார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். காப்பாற்ற அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

"இது பால் பல் இல்லம்மா, கடைசி வரைக்கும் இருக்க வேண்டிய பல்" என்றேன். அவர் நம்பவில்லை. "அங்க ஒரு பல்லும் வுழலியே. வுழாத எடத்துல புதுப் பல்லு எப்டி வரும்?" என்று கேட்டார். கேள்வியில் தப்பே இல்லை. ஆறு வயதில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எதையும் தள்ளாமல், யாருக்கும் சொல்லாமல் முளைக்கிற பல் அது. முன்பல் விழுந்தால் வீடே கொண்டாடும். இது வந்ததைப் பார்க்க ஆள் கிடையாது. கண்ணாடியில் இரண்டு பக்கத்தையும் காட்டி விளக்கியபோது அந்த அம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "மூணு மாசமா வலிக்குதுன்னு சொல்லிகினு கெடந்தா. வுழப்போற பல்லுதானன்னு கிராம்பு வச்சி இஸ்கூலுக்கு அனுப்பிட்டேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

பல்லை எடுத்தேன். யுவஸ்ரீ அழவில்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப எனக்கு இன்னொண்ணு வராதா?"

கழுத்தில் சங்கிலி

அதற்கு அடுத்த கோடை. டிரெய்லர் ஓட்டும் செல்வம் தன் ஒன்பது வயது மகன் கிஷோரைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறி வந்தார். பையன் கழுத்தில் பெரியவர்கள் போடும் தங்கச் சங்கிலி. பொன்னுக்கு வீங்கி என்று நினைத்து, வழக்கப்படி அம்மாவின் சங்கிலியைப் போட்டு மூன்று நாள் வைத்திருந்திருக்கிறார்கள். காய்ச்சல் குறையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் யாரோ "பல்லாகூட இருக்கும்பா" என்று சொன்னதால் வந்தார். பையனால் வாயை ஒரு விரல் அளவுகூடத் திறக்க முடியவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டுக்கொண்டிருந்தான். தாடைக்குக் கீழே தொட்டால் பலகை மாதிரி கெட்டியாக இருந்தது. டார்ச் அடித்ததில் ஓரமாகத் தெரிந்தது அந்த ஆறு வயதுப் பல், நடுவில் சின்னதாக ஒரு கறுப்பு ஓட்டை. அந்தச் சீழ் கழுத்துக்குள் இறங்கினால் மூச்சை அடைத்துவிடும். இங்கே என்னால் ஒன்றும் செய்ய முடியாது. பெரியாஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டு, ஷாஹிதா அக்காவைக் கிளினிக்கைப் பூட்டச் சொல்லி, நானும் அவர்களோடு ஆட்டோவில் ஏறினேன்.

பீச் ரோட்டில் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் டிரெய்லர் வரிசை, பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். ஆட்டோ மாட்டிக்கொண்டது. முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. என் மடியில் கிஷோர் மூச்சை இழுக்கிற சத்தம் மாறிக்கொண்டே வந்தது. செல்வம் சட்டென்று கீழே குதித்தார். வெயிலில் ஓடி, ஒவ்வொரு வண்டியின் கதவையும் கையால் அறைந்து, "மாமு, ஒடிச்சி எடு! புள்ளைக்கு மூச்சு வுட முடியல, கொஞ்சம் ஒடிச்சி எடு!" என்று கத்திக்கொண்டே போனார். அவ்வளவு பெரிய வண்டிகள் ஒவ்வொன்றாக இரண்டு முழம், மூன்று முழம் என்று ஓரம் ஒதுங்கின. நடுவில் ஒரு ஆட்டோ போகிற அளவுக்கு வழி விழுந்தது. எதிரே வந்த டிரைவர்கள் இறங்கி நின்று கைகாட்டி எங்களை அனுப்பினார்கள். அந்தக் காட்சியை இன்றைக்கும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடிவதில்லை.

கழுத்தைக் கீறிச் சீழை எடுத்தார்கள். பல்லையும் எடுத்தார்கள். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது கிஷோர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். செல்வம் வார்டுக்கு வெளியே என்னிடம் தன் வலது கையை நீட்டிக் காட்டினார்: "நாப்பது டன்னு கன்டெய்னர் பாக்ஸ இஸ்துகினு மேம்பாலம் ஏறுறவன் டாக்டர் நானு, பயந்ததே கெடையாது. இந்த அரிசி அளவு ஓட்டைக்கு என் கையி இன்னும் நடுங்குது பாரு."

போட்டுக்குப் பூசுவது

இந்த இரண்டுக்கும் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. ஓட்டை விழுந்தபின் ஓடுவதைவிட, பல் முளைத்ததுமே சீலன்ட் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். வருகிற ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளின் அப்பா அம்மாவிடமெல்லாம் பேச ஆரம்பித்தேன். முதலில் ஒத்துக்கொண்டவர் மாரி. காசிமேட்டில் ஃபைபர் படகு பழுது பார்ப்பவர். மகள் தர்ஷினிக்கு அப்போதுதான் கடவாய்ப் பல் முழுதாக வெளியே வந்திருந்தது.

அவர் மகள் படுத்திருந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. நான் பல்லைச் சுத்தம் செய்ததையும், நீல ஜெல் தடவிக் கழுவியதையும், பல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்ததையும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சீலன்டை எடுத்தபோது, "இது இன்னாது டாக்டரே, ரெசினா?" என்றார். அந்தப் பிசின் ஜாதிதான் என்றேன். மனிதர் முகம் மாறிவிட்டது. மகள் கையைப் பிடித்து இழுத்தார். "போட்டுக்குப் பூசறத எம் பொண்ணு வாயில பூசுவியா?" அவர் தொழிலில் அந்த நெடி கண்ணை எரிக்கும், கைத்தோலை உரிக்கும். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. இது வாய்க்கென்றே செய்தது, ஒரு சொட்டுதான், விளக்கு பட்டதும் இறுகிவிடும், நெடியே இருக்காது என்று சொல்லி, என் கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டு இறுக்கிக் காட்டினேன். சுரண்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக, "பூசறதுக்கு முன்னாடி உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பு பண்ணணுமே, பண்ணியா?" என்றார். அந்த வேலையைத்தான் நீல ஜெல் செய்தது என்றேன். "அப்ப சரி, பூசு."

பூசப் போனேன். தர்ஷினி எச்சிலை விழுங்கினாள், ஈரம் படாமல் வைத்திருந்த பஞ்சைத் தாண்டி நாக்கு வந்து பல்லை ஒரு துளி நனைத்தது. நான் கவனிக்கவில்லை. சொட்டை விட்டுவிட்டு விளக்கைக் கையில் எடுத்தேன். மாரி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "நிறுத்து நிறுத்து, தண்ணி பட்டுச்சி. ஈரத்து மேல பூசுன ரெசினு எவன் போட்டுல நின்னுது டாக்டரே? தொடச்சிட்டு முதல்லேர்ந்து ஆரம்பி."

ஒரு மாத்திரையாவது

கத்திவாக்கத்திலிருந்து ஒருவர் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் சீலன்ட் போட்டுக்கொண்டு போக வந்தார். நன்றாகப் போயிற்று. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நாற்காலியை விட்டு இறங்கினார்கள். அவர் மட்டும் வாசலில் செருப்பை மாட்டாமல் நின்றார். வலித்ததா என்று பிள்ளைகளைக் கேட்டார். இல்லை என்றார்கள். ரத்தம் வந்ததா? இல்லை. முகம் தொங்கிப்போய்த் திரும்பி வந்தார். "வலிக்கல, ஊசி இல்ல, ஒண்ணியும் இல்ல. வூட்ல போயி இன்னான்னு சொல்லுவேன்? ஒரு மாத்திரையாவது எழுதிக் குடு டாக்டரே, ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போற மாரியே இல்ல."

பள்ளிக்கூட வாசலில் கூட்டம்

கல்மண்டபம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட அனுமதி கிடைத்தது. மடக்கு நாற்காலி, விளக்கு, பஞ்சுப் பொட்டலம் எல்லாம் எடுத்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்கு நானும் ஷாஹிதா அக்காவும் போய் இறங்கினால் வாசலில் பெண்கள் கூட்டம். வரவேற்பு என்றே நினைத்துவிட்டேன், சிரித்துக்கொண்டே இறங்கினேன். ஒரு அம்மா என் பெட்டியைப் பிடித்து இழுத்தார். "இதான் அந்த மிஷினு! இதுலதான் வக்கிறாங்களாம்!" முந்தின நாள் யாரோ வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளைகள் பல்லில் சிப்பு வைக்கிறார்களாம். பிள்ளை எங்கே போகிறது, வீட்டில் என்ன பேசுகிறோம் எல்லாம் அதில் போய்விடுமாம். உள்ளேயிருந்து பிள்ளைகளை ஒவ்வொருவராக வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை கேட்டுக்குப் பின்னால் நின்று, "மேடம், நீங்க கிளம்பிடுங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நான் பிறந்து வளர்ந்த ஊரில் என்னைப் பிள்ளை பிடிக்கிறவள் மாதிரி பார்க்கிறார்கள் என்பது நெஞ்சில் குத்தியது.

ஷாஹிதா அக்கா பெட்டியைத் திருப்பி வாங்கி, கேட்டுக்கு வெளியே நடுரோட்டிலேயே நாற்காலியை விரித்தார். "உள்ள வாணாம். இங்கயே, அல்லார் கண்ணு முன்னாடியும். யாரு குந்தறீங்க?" என்றார். ஒருவரும் வரவில்லை. பிறகு பூ விற்கிற சரளா என்ற அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பெரியவர்களுக்கு எல்லாப் பல்லிலும் இதைப் போட முடியாது. ஆனால் அவருக்கு வலதுபக்கம் ஒரு பல் ஆழமான கோட்டோடு சுத்தமாக இருந்தது. முப்பது தலைகள் என் தோளுக்கு மேல் குனிந்திருக்க, வாழ்க்கையிலேயே அவ்வளவு ஜாக்கிரதையாக நான் ஒரு பல்லைத் துடைத்ததில்லை. விளக்கை அணைத்ததும் சரளா நாக்கால் தடவிப் பார்த்தார். எழுந்து, வாயை அகலமாகத் திறந்து ஒவ்வொருவரிடமும் காட்டினார். அன்றைக்கு மதியம் வரை வரிசை நின்றது. ஆனால் அதற்கு முன், நாற்காலியில் உட்காரும்போது, கூட்டத்தைப் பார்த்து அவர் சொன்னதைத்தான் நான் மறக்கவில்லை: "எங்க வூட்டாண்ட டவரே கெடைக்கறதில்ல. சிப்புன்னாலும் பரவால்ல, வச்சி வுடும்மா."

பூட்டு

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இருந்தேன். சொல்லிவிடுகிறேன்.

சீலன்ட் என்றால் யாருக்கும் புரிவதில்லை என்று, "பல்லுக்குப் பூட்டு போடறோம். பூச்சி உள்ள போகாது" என்று சொல்ல ஆரம்பித்திருந்தேன். நன்றாக எடுபட்டது. திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கும் தேசம்மா தன் ஏழு வயது மகள் ரித்திகாவுக்கு நாலு கடவாய்ப் பல்லிலும் பூட்டு போட்டுக்கொண்டு போனார். வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு வாயில நாலு பூட்டு கீது" என்று சொல்வாராம். எனக்கு அதில் பெருமை வேறு. இரண்டு வருஷம் கழித்து ஒரு பகலில், மீன் செதில் ஒட்டிய கையோடு, கன்னம் வீங்கிய மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். வாயைத் திறந்து பார்த்தேன். கீழே இடதுபக்கம் சீலன்டில் பாதி உரிந்து போயிருந்தது. உரிந்த ஓரத்தின் வழியாகச் சொத்தை உள்ளே இறங்கி, மிச்சம் இருந்த பாதிக்கு அடியில் மறைந்து, நரம்பு வரைக்கும் போயிருந்தது. இரண்டு பல் ஒட்டுகிற பக்கவாட்டிலும் ஒரு கறுப்பு. பக்கவாட்டைச் சீலன்ட் காப்பாற்றாது, பிரஷ்தான் காப்பாற்ற வேண்டும்.

ஷாஹிதா அக்கா பழைய அட்டையை எடுத்து வந்தார். நாலு பல்லின் படம், தேதி, என் கையெழுத்து. "மறுபடி வர வேண்டிய நாள்" என்ற இடம் காலி. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும், உரிந்திருந்தால் மறுபடி பூசணும் என்பதை அன்றைக்கு நான் சொல்லவே இல்லை. தேசம்மாவிடம் கேட்டேன். விடியற்காலை ஏலத்துக்குக் காசிமேடு போய்விடுவார், பிள்ளை பல் விளக்கினாளா என்று பார்க்க ஆள் இல்லை. பூட்டுதான் இருக்கிறதே என்று தேன் மிட்டாய் கேட்டால் தேன் மிட்டாய், படுக்கையில் கிரீம் பிஸ்கட். தப்பு செய்தோம் என்கிற எண்ணமே அவரிடம் இல்லை. இருக்க வேண்டியது என்னிடம். "நான்தாம்மா சொல்லாம விட்டுட்டேன்" என்றேன். நாலு முறை வரவழைத்து, நரம்புக்கு மருந்து வைத்து, எப்படியோ அந்தப் பல்லை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு முறையும் ரித்திகா கண்ணை மூடாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேசம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். மார்க்கெட்டில் அவர் குரல் எனக்குத் தெரியும். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கடைசி நாள் மகளின் தலையைக் கோதிவிட்டபடி, எனக்காக வருத்தப்படுகிறவர் மாதிரி சொன்னார்: "பூட்டு போட்டுட்டேன்னு நீ சொன்னம்மா. பூட்டுன எடத்த யாரு தொறந்து பாப்பாங்க?"

பதிவு அட்டை

அன்றோடு பூட்டு என்ற சொல்லை விட்டேன். ஒவ்வொரு அட்டையிலும் மறுபடி வர வேண்டிய தேதியை ஷாஹிதா அக்கா சிவப்புப் பேனாவில் எழுதினார். வராதவர்களுக்குப் போன் போட்டு விரட்டினார். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், "பிள்ளை வாயை மாசம் ஒரு தடவை வெளிச்சத்தில் பாருங்கள்" என்று தாய்மாருக்கு நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பாடம் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போன நாளில், ஏழு வயதாகும் என் மகன் ஆதவன் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். அவன் பள்ளிக்கூடத்துக்கு வேறு யாரோ டாக்டர்கள் வந்து பார்த்திருக்கிறார்கள். "கீழ்க் கடவாய்ப் பல்லில் சொத்தை. உடனே பல் மருத்துவரிடம் காட்டவும்."

அப்படியே நின்றேன். கணவர் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். சிரித்திருந்தால்கூடத் தேவலை. டார்ச்சை எடுத்து வந்து பார்த்தேன். இருந்தது. முளைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பல். ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் முளைத்த மாசம் கேட்டுக் குறித்து வைத்த நான், என் வீட்டில் முளைத்ததைப் பார்க்கவில்லை. நல்லவேளையாகச் சின்னதுதான். மறுநாள் கிளினிக்கில் மற்ற நோயாளிகளோடு வரிசையில் அவனை உட்கார வைத்தேன். சலுகை காட்டக் கூடாது என்று அல்ல, அவன் கண்ணைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஷாஹிதா அக்கா புது அட்டையை எடுத்து, பெயர், வயது எல்லாம் நிரப்பிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் பேனா நின்றது. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்: "தாயார் பேரு எய்திட்டேன் மேடம். பக்கத்துல தொழிலு இன்னான்னு கேக்குது. எய்தவா, வாணாவா?"

ஒன்றும் ஆகவில்லை

போன மாசம் மீஞ்சூரிலிருந்து முருகேசன் வந்தார். ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மகள் வர்ஷாவுக்குப் பன்னிரண்டு வயது, அடுத்த கடவாய்ப் பல் முளைத்துவிட்டது. ஆறு வயதில் அவளுக்கு நான் சீலன்ட் போட்டதும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அவர் ரயிலேறிக் கூட்டிக்கொண்டு வந்ததும், இரண்டு தடவை உரிந்த இடத்தில் மறுபடி பூசியதும் அட்டையில் இருக்கிறது. அந்த வழக்கமான சோதனைதான் என்று அசட்டையாக விளக்கைத் திருப்பினேன். பிறகு கையுறையை மாற்றிக்கொண்டு மறுபடி பார்த்தேன். சந்தேகத்துக்கு எக்ஸ்ரே எடுத்தேன். ஷாஹிதா அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த வாயில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. அடைத்த பல் இல்லை, எடுத்த பல் இல்லை, கோடு ஓடுகிற இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று. இந்தப் பகுதியில் பதினோரு வருஷமாக வாய்களைப் பார்த்து வருகிறேன். பன்னிரண்டு வயதில் இப்படி ஒன்றை நான் பார்த்த ஞாபகமே இல்லை. இதுவரை சொன்ன அதிர்ச்சிகளையெல்லாம் தாங்கிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது. வர்ஷா பயந்துபோய், "இன்னாச்சு டாக்டர், புடுங்கணுமா?" என்றாள்.

முருகேசனைக் கூப்பிட்டு, "ஒண்ணுமே ஆகல சார்! ஒரு பல்லுகூடக் கெடல!" என்று கிட்டத்தட்டக் கத்தினேன். அவர் மகளின் வாயை எட்டிப் பார்த்தார். எக்ஸ்ரேவைப் பார்த்தார். இத்தனை வருஷ அட்டையைப் புரட்டிப் பார்த்தார். கும்மிடிப்பூண்டி ரயிலில் நின்றுகொண்டே வந்துபோன ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் முகத்தில் வரிசையாக வந்து போனது. கீழே இறங்கி, செருப்பை மாட்டி, மறுபடி இரண்டு படி ஏறி வந்து கேட்டார்: "அதான் ஒண்ணியும் ஆவலியே டாக்டர். அப்ப இத்தினி வருசமா இன்னாத்துக்குப் போட்டுகினு இருந்தோம்?"

ஆக, என் தொழிலில் வேலை ஒழுங்காக நடந்தது என்பதற்குக் கிடைக்கிற ஒரே அத்தாட்சி, ஒன்றுமே நடக்கவில்லை என்று ஜனங்கள் படியேறி வந்து என்னிடம் நியாயம் கேட்பதுதான்.